காற்றில் ஒரு திண்ணை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களை வரிசையாகச் சொல்கிறோம். வரிசையில் முதலில் நிற்கும் கேட்டலுக்கு நம் பாடவேளையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? நாம் பேசுகிறோம், மாணவர்கள் அமைதியாக இருக்கிறார்கள். அமைதியாக இருப்பதும் கேட்பதும் ஒன்றல்ல. அதிலும் ஒரு மாணவர் பேசி இன்னொரு மாணவர் கேட்பது மிக அரிது. இதைச் சொல்வதற்கு ஓர் அறிவியல் ஆசிரியனாக நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி.

வானொலி என்றதும் நமக்குத் திருச்சி நிலையம் நினைவுக்கு வரும். 1939இல் தொடங்கிய நிலையம் அது. 1960களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் நம் பகுதியில் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியாகப் பரவியதால் அதற்கு 'வானொலி நெல்' என்றே பெயர் வந்தது. ஆனால் அந்த வானொலியில் ஒருவர் பேசுவார், ஊரே கேட்கும். ஹாம் வானொலியில் கேட்பவரும் பேசுவார். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக்குறியும் பெற்ற தனிமனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வானொலி அது. தேர்வு எழுத 12 வயது நிறைந்திருந்தால் போதும்.

இவர்களுடைய பேச்சில் ஒரு வகை உண்டு. அவசரமில்லாமல், அரை மணி, ஒரு மணி என்று நீளும் பேச்சு. ஆங்கிலத்தில் அதற்கு 'ராக் சூயிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் திண்ணைப் பேச்சு என்று சொல்லலாம். என்ன பேசுவார்கள்? கருவி, ஆன்டெனா, மழை, தோட்டம், உடல்நலம். வணிகம் பேசக்கூடாது; ரகசியக் குறிமொழி கூடாது; வெளிப்படையான மொழியில்தான் பேச வேண்டும். விதியே அப்படி. ஆகவே சின்ன விஷயங்களை வைத்துக்கொண்டே நீண்ட நேரம் பேசப் பழகியவர்கள் இவர்கள்.

இந்தப் பேச்சுக்குப் பழைய வீடு ஏ.எம். முறை. நம் நாட்டு ஹாம்கள் பலர் ஒரு காலத்தில் வால்வுகளை வைத்துத் தாங்களே பூட்டிய ஏ.எம். கருவிகளில், 40 மீட்டர் அலைவரிசையில் பேசினார்கள். பிறகு ஒற்றைப் பக்கப்பட்டை முறை வந்தது. அதற்கு அலைவரிசையில் ஏறக்குறையப் பாதி இடம் போதும், மின்சாரமும் மிச்சம். ஆனாலும் ஏ.எம்.மை விடாமல் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் உண்டு. காரணம், குரல் இயல்பாக இருக்கும். ஒற்றைப் பக்கப்பட்டையில் அலையெண் சற்று விலகினால் மனிதர் குரல் வாத்துக் குரலாகிவிடும். ஏ.எம்.மில் ஊர்தி அலை குரலோடு சேர்ந்தே வருவதால் சாதாரணச் சிற்றலை வானொலிப் பெட்டியிலேயே கேட்கலாம். பேசுபவர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் ஊர்தி அலை நிற்காது. அதனால் இடையிலுள்ள இரைச்சலும் அடங்கியிருக்கும். நிதானமாகப் பேசுபவருக்கு ஏற்ற முறை அது.

இனி, நாம் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ஹாம் வானொலியில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட முடியாது. இருவரும் ஒரே அலையெண்ணில் இருப்பதால் ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' சொன்ன பிறகுதான் அடுத்தவர் முறை. நம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான். ஒருவர் முறையில் இன்னொருவர் மடையைத் திறந்தால் இருவர் வயலுக்கும் கேடு. எதிர்முனையில் இருப்பவர் ஐந்து நிமிடம் பேசினால் ஐந்து நிமிடமும் கேட்டாக வேண்டும். தேர்ந்தவர்கள் கையில் பேனாவோடு உட்கார்ந்து, கேட்கும் செய்திகளைச் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார்கள். தம் முறை வந்ததும் தம் கதையைத் தொடங்கமாட்டார்கள். 'மழை பெய்தது என்றீர்கள், மகிழ்ச்சி. ஆன்டெனா கம்பி அறுந்தது என்றீர்கள், எந்த இடத்தில் அறுந்தது?' என்று அவர் சொன்னதை வரிசையாக எடுத்துப் பேசிவிட்டு, அதன் பிறகே தம் செய்திக்கு வருவார்கள். முறை மாறும்போது சில நொடி இடைவெளி விடுவதும் வழக்கம். அவசரச் செய்தியோடு யாராவது காத்திருந்தால் அவர் உள்ளே வருவதற்காக.

'வெறும் பொழுதுபோக்குத்தானே' என்று தோன்றலாம். 2004 டிசம்பரில் ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அங்கே நீண்ட காலமாக ஹாம் வானொலிக்கு அனுமதி இல்லாதிருந்தது. அரிதாகக் கிடைத்த அனுமதியோடு, உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகவே போயிருந்தார்கள். 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. தீவின் தொலைத்தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்தக் கருவிதான் தீவில் இருந்தவர்களின் நலச் செய்தியை நாட்டுக்குக் கொண்டுவந்தது. கருவி மட்டும் இருந்தால் போதாது. பதற்றத்தில் பேசுபவரின் சொல்லைப் பொறுமையாக வாங்கி, எழுதி, திரும்பச் சொல்லிச் சரிபார்க்கிற பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் ஆபத்து வந்த அன்று திடீரென்று வராது. மழையையும் தோட்டத்தையும் பேசிய நாட்களில்தான் வரும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கடந்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மின்சாரமும் அலைபேசியும் இல்லாமல் கிடந்த நாட்களை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

உரிமமில்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ஆனால் அந்தப் பேச்சு முறைக்கு உரிமம் வேண்டாம், கருவியும் வேண்டாம். எட்டாம் வகுப்பில் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இரண்டு மாணவர்களை முதுகோடு முதுகாக உட்கார வைப்பேன். வானொலியில் முகம் தெரியாதல்லவா? ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். தலைப்பு சிறியதாக இருக்க வேண்டும்: வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், எங்கள் வீட்டு ஆடு. மற்றவர் குறிப்பெடுப்பார். 'ஓவர்' சொன்னதும், கேட்டதில் மூன்று செய்திகளைத் திரும்பச் சொல்லி, ஒரு கேள்வி கேட்டு, அதன் பிறகு தம் செய்தியைத் தொடங்குவார். ஹாம்கள் ஒருவருக்கொருவர் ஒன்றிலிருந்து ஐந்து வரை தெளிவு எண் சொல்வது போல, இவர்களும் சொல்வார்கள். எழுத்தில் ஐயம் வந்தால் 'மழைக்கு வரும் ழை, மலைக்கு வரும் லை, தவளைக்கு வரும் ளை' என்று சொல்லித் தெளிவுபடுத்த வேண்டும். அந்தப் பட்டியலை மாணவர்களே உருவாக்கினார்கள்.

முதல் வாரம் சிரிப்புத்தான். இரண்டு நிமிடத்தில் அரை நிமிடத்தைக்கூடப் பலரால் நிரப்ப முடியவில்லை. மூன்றாம் வாரத்தில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி தன் தாயார் நடவுக்குப் போவதைப் பற்றிப் பேசினாள். கேட்ட மாணவி, 'ஒரு முடியில் எத்தனை நாற்று இருக்கும்?' என்று கேட்டாள். இவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே வந்து, அம்மாவிடம் கேட்ட பதிலைத் தோழியிடம் சொன்னாள். நான் கேட்டிருந்தால் அது வீட்டுப்பாடமாகியிருக்கும். தோழி கேட்டதால் பேச்சு மறுநாளும் தொடர்ந்தது.

மேட்டூர் திறந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?' என்பதுதான். நம் வகுப்பிலும் கடைமடை உண்டு. சத்தமாகப் பேசுகிற நான்கு பேரோடு நம் பாடவேளை முடிந்துபோகிறது. முறை வைத்தால்தான் கடைசி வரிசைக்கும் பேச்சு போய்ச்சேரும். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் போதும். நீங்களும் செய்து பாருங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் வகுப்பில் நடந்ததை நீங்கள் சொல்லுங்கள்; நான் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்கிறேன்.