பழைய காரில் தண்ணீர் குறைகிறதா?

திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் அம்பாசடரை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு. உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. தினம் காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறதே வேலையாகிப் போச்சு என்றால், வண்டிக்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ ஒழுகுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது, வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் மோட்டார் போடுகிற கதைதான்.

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு முன்புறம் விழுந்திருந்தால் ரேடியேட்டரையும் கீழ் ஹோஸையும் பாருங்கள். விசிறிக்கு நேர் கீழே ஈரம் என்றால் வாட்டர் பம்ப். பம்பின் அடியில் சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். சிலர் அதை ஓட்டை என்று எண்ணி எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். உள்ளே சீல் போய்விட்டதை நமக்குக் காட்டவே அந்தத் துவாரம். எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் பம்பை மாற்ற வேண்டியதுதான்.

அட்டை காய்ந்தே இருக்கிறதா? ஓடும்போது கசிந்து, சூட்டிலேயே ஆவியாகியிருக்கலாம். ஹோஸ் முனைகளில் வெள்ளைப் பூப்பு, துருக்கோடு தெரிகிறதா பாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். 7 பவுண்டு மூடி சரியாக இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்திருந்தால் 100-லேயே கொதித்து வெளியே போய்விடும். மூடி மாற்றுவது பெரிய செலவில்லை.

வெளியே எங்கும் கசிவே இல்லை, ஆனாலும் தண்ணி குறையுது என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தாலோ, வண்டி சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.

ஹோஸ் முனையில் மட்டும் வெடிப்பு, நீளமும் இருக்கிறது என்றால், ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போடலாம். பழைய ரேடியேட்டர் செம்பு, பித்தளை, ஈயப்பற்று வைத்துவிடலாம். மஞ்சள்தூள் போடுகிற வழக்கமும் உண்டு. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான். அதையே வைத்தியமாக்கினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

கொதிக்கிற வண்டியின் மூடியை உடனே திறக்காதீர்கள், முகமே வெந்துபோகும். அரை மணி நேரமாவது ஆறட்டும். பிறகு ஈரச் சாக்கைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத்தண்ணியை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். இன்னொன்று, தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டால் சூட்டு முள் சரியாகக் காட்டாது. முள்ளை நம்பி ஓட்டி எஞ்சினைப் பிடிக்கவிடாதீர்கள்.

சதுரங்கப்பட்டினம் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது. நம்மூர் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் சங்கு பிறக்கும் என்பார்கள். அந்தத் தண்ணியை ஊற்றினால் ரேடியேட்டரில் வருஷா வருஷம் சுண்ணாம்பு பிறக்கும்! பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

பழைய கூலன்ட்டை வடிக்கும்போது தொழுவத்துப் பக்கம் விடாதீர்கள். அது இனிக்கும், நாயும் கன்றும் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். மூடியுள்ள டப்பாவில் பிடித்து, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.