இரு ஸ்கேன்கள் இருவேறு விடை கூறும்போது

(நமது ஜமாஅத் சார்பில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நோய் வந்தவருக்கு மருந்து உண்டு. நோய் நீங்கியவருக்கு நிம்மதி உண்டு. நோய் இருக்கிறதா, இல்லையா என்றே அறிய இயலாமல் நடுவே நிற்பவருக்கு என்ன உண்டு? இக்கேள்வியைக் குறித்தே இன்று உங்கள் முன் சில வார்த்தைகள் கூற விழைகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். தைராய்டு புற்றுநோய்க்கு ஆளாகி, மீண்டு, மீண்டும் சந்தேகத்திற்கு உள்ளான ஒருவரை உடனிருந்து கவனித்து வரும் குடும்பத்தினர். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சிறு சுரப்பி. இதில் தோன்றும் புற்றுநோய்களுள் பெரும்பான்மையானது 'பாப்பில்லரி' எனப்படும் வகை. இது பெரும்பாலும் மெதுவாக வளர்வது. உரிய சிகிச்சை பெற்றோருள் மிகப் பலர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர். அறுவைச் சிகிச்சையால் சுரப்பியை நீக்குவர். தேவைப்படுவோருக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பர். அதன்பின் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

அயோடினைத் தன்பால் ஈர்த்துக்கொள்வது தைராய்டு செல்களின் தனி இயல்பு. இவ்வியல்பைப் பயன்படுத்தி 1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் சால் ஹெர்ட்ஸ் என்பவர், சுரப்பி மிகையாக இயங்கிய நோயாளி ஒருவருக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். சில ஆண்டுகளுக்குள் பரவிய தைராய்டு புற்றுநோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. எனினும் சிலருக்கு இந்நோய் திரும்பி வருவதுண்டு. பெரும்பாலும் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளிலும், சிலருக்கு நுரையீரலிலும் எலும்பிலும் அது தலைகாட்டும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வருவதும் உண்டு. ஆகவேதான் தொடர் பரிசோதனைகள். அங்கேதான் குழப்பமும் தொடங்குகிறது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கேள்வி

எங்கள் தமக்கையாருக்குச் சுரப்பி நீக்கப்பட்டு, அயோடின் சிகிச்சையும் முடிந்து, ஐந்தாண்டுகள் எக்குறையுமின்றிச் சென்றன. பின்னர் இரத்தப் பரிசோதனையில் 'தைரோகுளோபுலின்' என்னும் புரதத்தின் அளவு சற்றே உயர்ந்தது. அயோடின் ஸ்கேன் எடுத்தனர். "எங்கும் ஒன்றுமில்லை" என்றது அறிக்கை. பெட் ஸ்கேன் எடுத்தனர். கழுத்தில் ஓரிடமும் மார்பில் ஓரிடமும் ஒளிர்கின்றன என்றது. அல்ட்ரா சவுண்ட் பார்த்தவரோ, கழுத்தில் இருப்பது 6 மில்லிமீட்டர் முடிச்சு, உறுதியாக எதுவும் கூற இயலாது என்றார். ஒரே மாதத்தில், ஒரே உடலைப் பற்றி, மூன்று தாள்களில் மூன்று விடைகள்!

எதை நம்புவது? எது பொய்? முதலில் எங்கள் உள்ளத்தில் எழுந்த கேள்வி இதுவே. மருத்துவர் ஒருவர் பொறுமையாக அமர்ந்து விளக்கிய பின்னரே உண்மை புலப்பட்டது. மூன்று சோதனைகளும் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. கேள்வி வேறாயின் விடையும் வேறாகத்தானே இருக்கும்?

தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்கள் மட்டுமே உண்டாக்கும் புரதம். சுரப்பியை முற்றிலும் நீக்கிய பின் அது உயர்ந்தால், அத்தகைய செல்கள் எங்கேனும் எஞ்சியிருக்கலாம் என்று பொருள். எங்கே என்று அது கூறாது. அயோடின் ஸ்கேன், 'அயோடினை ஈர்க்கும் செல்கள் எங்குள்ளன?' என்று மட்டுமே வினவுகிறது. பெட் ஸ்கேன், 'சர்க்கரையை மிகுதியாக உண்ணும் செல்கள் எங்குள்ளன?' என்று வினவுகிறது. அல்ட்ரா சவுண்ட் கழுத்து முடிச்சுகளின் வடிவத்தைப் பார்க்கிறது. சி.டி. ஸ்கேன் உடலின் உட்புறத்தில், குறிப்பாக நுரையீரலில், உள்ள சிறு கட்டிகளின் அளவைக் காட்டுகிறது.

தைராய்டு செல்லுக்குள் அயோடின் நுழைவதற்கு ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலாக அமையும் புரதத்தை 1996ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் இனங்கண்டனர். திரும்பி வரும் புற்றுநோய்ச் செல்கள் சில நேரங்களில் தம் பழைய இயல்பை இழந்து இவ்வாயிலை மூடிவிடுகின்றன. சர்க்கரையை மிகுதியாக உண்ணத் தொடங்குகின்றன. அப்போது அயோடின் ஸ்கேனில் அவை தெரிவதில்லை. பெட் ஸ்கேனில் ஒளிர்கின்றன. இதற்கு மாறாக, இயல்பு மாறாத செல்கள் அயோடின் ஸ்கேனில் தெரிந்து, பெட் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். மாறுபட்ட விடைகளும் நோயின் குணத்தைப் பற்றிய ஒரு செய்தியே.

விடை பிறழும் இடங்கள்

எனினும் எந்தச் சோதனையும் பிறழாதது அன்று. நோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு இரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவை இருந்தால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டப்படலாம். ஆகவே இவ்விரண்டையும் சேர்த்தே பரிசோதிக்கின்றனர். ஆய்வகத்திற்கு ஆய்வகம் எண்ணும் மாறக்கூடும் என்பதால், இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பார்ப்பது நன்று.

அயோடின் ஸ்கேனுக்கு முன் உடலில் அயோடின் குறைந்திருக்க வேண்டும். இதற்கென ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் அயோடின் உப்பு, கடல் மீன், கருவாடு, முட்டை, பால் முதலியவற்றை விலக்கச் சொல்வர். டி.எஸ்.எச். அளவும் போதிய அளவு உயர்ந்திருக்க வேண்டும். அதற்காகத் தைராக்சின் மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்துவர். அல்லது அதற்குரிய ஊசியைப் போடுவர். சி.டி. ஸ்கேனுக்குச் செலுத்தப்படும் 'கான்ட்ராஸ்ட்' மருந்தில் அயோடின் மிகுதி. அதைச் செலுத்திய சில வாரங்களுக்குள் அயோடின் ஸ்கேன் எடுத்தால், நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

எங்கள் தமக்கையாருக்கு நிகழ்ந்ததும் இதுவே. அயோடின் ஸ்கேனுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் வேறோர் ஊரில், வேறொரு காரணத்திற்காக, கான்ட்ராஸ்டுடன் சி.டி. எடுக்கப்பட்டிருந்தது. ஓர் இடத்துத் தாள் மற்றோர் இடத்தை எட்டவில்லை. எல்லாத் தாள்களையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்த மருத்துவரே இதைக் கண்டறிந்தார். 'ஒன்றுமில்லை' என்ற அந்த அறிக்கையை அப்படியே நம்ப இயலாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெட் ஸ்கேனும் அவ்வாறே. புற்றுநோய் மட்டுமன்றி, அழற்சியும் காசநோயும் அதில் ஒளிரும். அண்மையில் போட்ட தடுப்பூசியினால் அக்குள் முடிச்சுகள் ஒளிர்வதும் உண்டு. தமக்கையாரின் மார்பில் ஒளிர்ந்த முடிச்சிலிருந்து சிறு பகுதியை எடுத்துப் பரிசோதித்தபோது, அது பழைய அழற்சியின் விளைவு, புற்றுநோய் அன்று எனத் தெரிய வந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு பெரும் சுமை இறங்கிற்று.

காத்திருத்தலும் சிகிச்சையே

எஞ்சியது கழுத்தில் உள்ள 6 மில்லிமீட்டர் முடிச்சு. முடிச்சு பெரிதாக இருப்பின் ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பர். ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் அளவையும் கண்டறிவர். ஆனால் 8 முதல் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சுகளை உடனே தொடாமல் கண்காணித்து வரலாம் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் உள்ளது. ஒருமுறை அறுத்த கழுத்தை மீண்டும் அறுப்பதில் குரல் நரம்புக்கும் கால்சியம் சுரப்பிகளுக்கும் ஆபத்து உண்டு.

"சந்தேகத்திற்கு இன்னுமொரு முறை அயோடின் கொடுத்துவிட்டால் என்ன?" என்று உறவினர் சிலர் கேட்டனர். மருத்துவர் கூறிய விடை எங்கள் சிந்தையைத் தெளிவித்தது. அயோடினை ஈர்க்காத செல்லுக்கு அயோடினால் பயனில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகள் வறள்வதும் கண்ணீர்ப் பாதை அடைபடுவதும் போன்ற தீங்குகளோ மருந்தின் மொத்த அளவு கூடக் கூட மிகும். எனவே எண் எந்த வேகத்தில் உயர்கிறது என்பதைப் பார்ப்போம் என்றார். ஓராண்டிற்குள் இரட்டிப்பாகும் எண் கவலைக்குரியது. ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ அதே அளவில் நிற்கும் எண்ணுக்குப் பொறுமை காட்டலாம். அயோடினுக்கு அடங்காமல் வளரும் நோய்க்கும் இன்று வழியுண்டு. 2013இல் சோராஃபெனிப், 2015இல் லென்வாட்டினிப் என மாத்திரைகள் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றன. ஆயினும் பக்கவிளைவுகள் மிகுந்த அவற்றை, நோய் வளர்கிறது என்று உறுதியான பின்னரே தொடங்குகின்றனர்.

ஆகவே ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இரத்தமும் அல்ட்ரா சவுண்டும் பார்த்து வருகிறோம். மூன்று முறை பார்த்தாயிற்று. முடிச்சும் வளரவில்லை, எண்ணும் ஏறவில்லை. 'நோய் இல்லை' என்று எவரும் எழுதித் தரவில்லை. அது இயலவும் இயலாது.

இவ்விடைவெளியில் தமக்கையாருடைய மகளின் நிகாஹ் வந்தது. "இறுதி முடிவு தெரிந்த பின் வைத்துக்கொள்ளலாமே" என்று பலர் கூறினர். தமக்கையாரே மறுத்துவிட்டார். "முடிவு ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரும். அதற்காக வீடு நின்றுகொண்டிருக்குமா?" என்று கேட்டார். குறித்த நாளில் நிகாஹ் நிறைவேறியது. நிச்சயமின்மையோடு வாழ்வது எப்படி என்று நூறு பக்கங்கள் படித்தும் நாங்கள் அறியாததை அந்த ஒரு வாக்கியத்தில் அறிந்தோம்.

நாம் செய்யத்தக்கவை

சகோதரர்களே! இந்நிலையில் உள்ள குடும்பங்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகிறோம். எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். எங்கே, எப்போது கான்ட்ராஸ்ட் செலுத்தப்பட்டது என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அறிக்கைத் தாளுடன் ஸ்கேன் படங்களையும் குறுந்தகட்டையும் கேட்டுப் பெறுங்கள். விடைகள் மாறுபட்டால், அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், அணு மருத்துவ நிபுணர், கதிர்ப்பட நிபுணர் ஆகியோர் ஒன்றாகக் கூடி ஆராயும் பெரிய மருத்துவமனையில் கருத்துக் கேளுங்கள். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் உருவான சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் நாம் அறிந்தவையே. மருத்துவரிடம், "இச்சோதனையின் விடை எதுவாயினும் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது எனில், அச்சோதனை இப்போது தேவைதானா என்றும் கேட்கலாம்.

ரமளானில் நோன்பு நோற்போர் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் எப்போது உட்கொள்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸஹருக்கு அரைமணி நேரம் முன்போ, இரவு உணவுக்குப் பின் போதிய இடைவெளி விட்டு உறங்கும் முன்போ எனப் பெரும்பாலும் வழி கிடைக்கும். தாமாக நிறுத்திவிடுதல் கூடாது.

ஜமாஅத்தாராகிய நமக்கும் கடமை உண்டு. கதிரியக்க அயோடின் பெற்றவர், குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் விட்டுச் சில நாட்கள் விலகியிருக்க வேண்டும். அந்நாட்களில் அவர் ஜமாஅத் தொழுகைக்கு வராவிடில் ஏன் என்று துருவாதீர்கள். இது தொற்றுநோய் அன்று; குறித்த நாட்கள் கழிந்ததும் ஸலாம் கூறிக் கைகொடுங்கள். நலம் விசாரிக்கச் செல்வோர், "இதே நோயில் இன்னார் போய்விட்டார்" என்று கூறுவதைத் தவிருங்கள். "ரிசல்ட் என்ன ஆயிற்று?" என்று வாரந்தோறும் கேட்பதைவிட, அடுத்த பரிசோதனை நாளில் உடன் செல்ல ஒருவர், வீட்டில் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு, இவை பேருதவி. எங்கள் வீட்டாருக்கு இவ்வுதவியைக் கேளாமலே செய்த அண்டை வீட்டார் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு எங்கள் நன்றி.

அடுத்த பரிசோதனை ஷவ்வால் மாதத்தில் வருகிறது. தமக்கையாருக்காகவும், மாறுபட்ட தாள்களைக் கையில் ஏந்தி நிற்கும் அனைவருக்காகவும் துஆச் செய்யுமாறு கேட்டு அமைகிறோம். வஸ்ஸலாம்.