ஆகஸ்ட் 1 கணக்கு

ஒரு அரசு தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்பு, 60 பிள்ளைகள். ஆசிரியர்கள் எத்தனை பேர்? வகுப்புக்கு ஒருவர் என்று நினைப்பீர்கள். இரண்டே பேர்தான்! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் போட்ட கணக்கு அது. 61ஆவது பிள்ளை வந்தால்தான் மூன்றாவது ஆசிரியருக்கு வழி பிறக்கும்.

சரி, தலையை எப்போது எண்ணுவார்கள்? தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைதான் கணக்கு. அதற்கு மேல் இருக்கும் ஆசிரியர் 'உபரி'. பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இந்தக் கணக்கு இடறுகிறது. கார் கம்பெனி, செல்போன் கம்பெனி, கட்டட வேலை என்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் குடும்பங்கள் ஆகஸ்ட் பார்த்தா வருகின்றன? எந்த மாதம் வந்தாலும் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பிள்ளைக்கு வருஷமெல்லாம் கதவு திறந்திருக்கிறது. ஆசிரியருக்கு ஒரே நாள்! தமிழே தெரியாத பிள்ளைக்கு 'அ'னாவிலிருந்து தொடங்குவதும் அதே இரண்டு பேர்தான்.

புதிதாக ஆள் எடுப்பதும் லேசல்ல. 2012இல் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுகூட இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் இந்தத் தேதிக் கணக்கைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு வெளிமாநிலப் பிள்ளையை ஜூலைக்குள் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.