வீட்டுக்குத் திரும்பும் தூரம்



மனநலம் பற்றிய இந்தக் கருத்தரங்கைத் திருச்சியில் வைத்தால் வந்துபோக வசதியாக இருக்குமே என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். வசதிதான். ஆனால் இந்த வட்டாரத்து நோயாளிகள் மருத்துவர்களைத் தேடி அந்த வழியில் காலங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளாவது மருத்துவர்கள் எதிர்த்திசையில் வரட்டும் என்றுதான் ஆவுடையார்கோவிலுக்கு வந்திருக்கிறோம். இங்குள்ள கோவில் கொடுங்கையின் கல்வேலையைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். இதே ஊரில் ஒருவருக்கு மனம் நிலைகுலைந்தால், அவர் வெளியூருக்குத்தான் போயாக வேண்டும். பணி ஓய்வு பெற்ற ஒரு மருத்துவமனை மருத்துவனாக, இன்று அந்தத் தூரத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

1794இல் கும்பெனி ஆட்சியின்போது மதராசில் மனநோயாளிகளுக்கான விடுதி தொடங்கப்பட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. மாகாணம் முழுவதற்குமான பெரிய மனநல மருத்துவமனை வெகுகாலம் அதுதான். இங்கிருந்து அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிப் போன அந்த இடத்துக்கு ஒருவரை அழைத்துப் போவது குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கிய காசில் இரவுப் பேருந்து ஏற வேண்டும். இரண்டு பேர் இருபக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தில் "வேலைக்குப் போயிருக்கிறான்" என்று சொல்லி வைக்க வேண்டும்.

சேர்த்துவிட்டுத் திரும்பிய பிறகு நடப்பதைத்தான் நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. முதல் பொங்கல் அவர் இல்லாமல் கடந்துவிடுகிறது. அடுத்த வருடம் தம்பிக்குக் கல்யாணம். அவர் படுத்திருந்த அறை புதுமணத் தம்பதிக்குப் போகிறது. குடும்ப அட்டையில் பெயர் நீக்கப்படுகிறது. பாகப்பிரிவினையில் அவருக்கென்று ஒரு பங்கு எழுதப்படுவதில்லை. இதில் யாரும் கொடியவர்கள் இல்லை. ஒருவர் இல்லாமல் வாழ வீடு பழகிக்கொள்கிறது, அவ்வளவே. அதற்குள் அவர் குணமடைந்துவிடுகிறார். தெளிவாகப் பேசுகிறார், தன் வயலின் எல்லையைச் சரியாகச் சொல்கிறார். அழைத்துப் போகச் சொல்லி நாம் எழுதும் கடிதம், விலாசதாரர் இல்லை என்று திரும்பி வருகிறது. நான் பணியாற்றிய வார்டுகளில் இப்படி நோய் நீங்கியும் போக இடமில்லாமல் இருந்தவர்களில் பெண்களே அதிகம். அவர்களுக்கு எந்த மருந்துச் சீட்டில் எதை எழுதுவது?

1952இல் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து வந்தது நம் துறையின் மாபெரும் திருப்பம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். உண்மைதான். ஆனால் அதே பத்தாண்டில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் செய்ததை அதற்குக் குறைந்ததாக நான் கருதவில்லை. மனநோய் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கவைத்தார் அவர். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவதே முறையாயிற்று. அம்மா பக்கத்தில் இருந்தால் எந்த மாத்திரைக்குக் கை நடுங்கும், எதற்குத் தூக்கம் வரும் என்று கற்றுக்கொள்கிறாள். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு தாயைப் பார்க்கும்போது, தன் குடும்பத்துக்கு மட்டும் வந்த சாபம் இது என்ற எண்ணம் அவளைவிட்டுப் போகிறது. முக்கியமாக, அவள் மகனை விட்டுவிட்டுப் போகவில்லை. ஆகவே திரும்ப அழைத்துப் போக வேண்டிய நிலையே எழுவதில்லை.

அந்த வாய்ப்பு எட்டாதவர்கள் வேறிடம் தேடினார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, நமக்குத் தெற்கே, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். சங்கிலியை மன்னிக்கவே முடியாது. ஆனால் அன்று பலரும் தர்காவை நாடிவந்த மக்களின் நம்பிக்கையைப் பழித்தார்களே தவிர, வேறு எந்தக் கதவு அந்தக் குடும்பங்களுக்குத் திறந்திருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மனநல மருத்துவர் இரகுராமும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கிய 31 பேரை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். கோவிலில் மருந்து இல்லை, மந்திரிப்பும் இல்லை. உறவினர் ஒருவர் கூட இருந்தார். தரை கூட்டுவது, செடிக்கு நீர் விடுவது போன்ற சிறு வேலைகள் இருந்தன. சராசரி ஆறு வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. கோடாங்கியிடம் போங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனச்சிதைவு நோய்க்கு மருந்து வேண்டும், தவறாமல் வேண்டும். ஆனால் அந்தக் கோவில் கொடுத்த அரவணைப்பை நம் வார்டுகள் ஏன் கொடுக்கவில்லை?

ஆவுடையார்கோவில் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டம் மனநலச் சேவையில் பின்தங்கிய மாவட்டம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, பக்கத்துத் திருச்சி அவற்றில் ஒன்று. கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் 1984இல் உருவாக்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனம், 2010இல் இம்மாவட்டத்து ஊர்களுக்கே பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து திரையில் சென்னை மருத்துவரிடம் பேசினார். மருந்தும் அங்கேயே கிடைத்தது. தெருவில் ஆதரவின்றித் திரிவோருக்கான அவசர சிகிச்சை, மீட்பு மையமும் புதுக்கோட்டையில் வந்தது.

இவ்வளவும் இருந்தும், இரவு என்ன ஆகிறது? ஐந்து நாள் தூங்காத இளைஞன் நள்ளிரவில் கல்லெறிகிறான். திரையில் தெரியும் மருத்துவரால் அவனைப் படுக்கவைக்க முடியாது. மனநோய்க்குப் படுக்கையே கூடாது என்று வாதிடும் நண்பர்களோடு நான் உடன்படாதது இந்த இடத்தில்தான். படுக்கை வேண்டும்; வட்ட அரசு மருத்துவமனையின் பொது வார்டிலேயே வேண்டும். காய்ச்சல்காரர், பிரசவித்தவர், சர்க்கரை நோயாளி எல்லோரும் வந்துபோகும் அதே வாசல் வழியாக அவனும் வந்து, பத்து நாளில் அதே வாசல் வழியாக வீடு போக வேண்டும். பக்கத்தில் உறவினருக்கு ஒரு கட்டில் போட வேண்டும். மனச்சிதைவுக்கு மாதம் ஒருமுறை போடும் ஃபுளூஃபெனசின் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டும். இது என் தனிப்பட்ட ஆசையன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்காக எவரையும் நெடுந்தூரம் பயணம் செய்ய வைக்கக் கூடாது என்று 18ஆம் பிரிவில் சொல்கிறது. சங்கிலியைத் தடைசெய்யும் 95ஆம் பிரிவு எல்லோர் நினைவிலும் இருக்கிறது. 18ஆம் பிரிவை நாமே மறந்துவிட்டோம்.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்து வழங்கலைப் பற்றிப் பேசுபவர்கள், எத்தனை மாத்திரை வாங்கப்பட்டது என்பதோடு நிறுத்தாமல், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை இல்லாமல் நோயாளி வெறுங்கையோடு திரும்பினார் என்பதையும் சொல்லுங்கள். பிற்பகல் அமர்வில் குடும்பத்தார் முதலில் பேசட்டும், மருத்துவர்கள் பிறகு பேசலாம். குடும்பத்தார் கேட்பவற்றைத் தீர்மானங்களாக எழுதி, மாலைக்குள் மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.