திருப்புளி சின்னதுதான், வேலை பெரிது

(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேசப் போவது சம்பளத்தைப் பற்றியோ சேமலாப நிதியைப் பற்றியோ இல்லை. ஒரு சின்ன ஆயுதத்தைப் பற்றி. திருப்புளி என்றாலும் சரி, ஸ்குரூ டிரைவர் என்றாலும் சரி, எந்த லயத்துக்குப் போனாலும் ஒன்று கிடக்கும். அதிலே பிளஸ் குறி மாதிரி முனை உள்ளதைப் பற்றித்தான் சொல்லப் போகிறோம். இதில் என்ன இருக்கு என்று நினைக்காதீங்க.

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் ஒரு விவசாயி வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். அங்கே தோட்டம் என்றால் தேயிலை இல்லை; வெங்காயம், மிளகாய், புகையிலை. வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் பயிர் செய்கிறார்கள். அன்று அவர் வீட்டு நீர் இறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. காபரேட்டரைக் கழற்றப் போன மகன், கைக்கு அகப்பட்ட சிறிய திருப்புளியை வைத்து முறுக்கியிருக்கிறான். ஆணித் தலை மழுங்கிவிட்டது. இரண்டு நாள் இறைப்பு இல்லை. வெங்காயப் பாத்தி வாடிப் போனது. பெரியவர் சொன்னார்: "இயந்திரத்திலை பெரிய பிழை இல்லை ஐயா. ஆணி வரேல்லை எண்டால் பலத்தைக் காட்டப்படாது, யோசிக்கோணும்."

அவர் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990க்குப் பிறகு எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று பல பொருட்கள் அங்கே போகத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் தேடுவது பெரும்பாடாக இருந்த காலத்தில், ஒரு ஆணியைக் கெடுக்காமல் கழற்றுவதே பெரிய கெட்டித்தனம்.

பிளஸ் ஆணியைப் பரப்பியவர் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ். 1936இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கார்த் தொழிற்சாலைகளில் வேகமாக ஆணி முடுக்க அது உதவியது. ஆனால் பள்ளம் சாய்வாக இருப்பதால், அழுத்தம் குறைந்தால் முனை மேலே ஏறி வழுக்கும். அப்படி வழுக்கும்போதுதான் தலை மழுங்குகிறது, கையும் கிழிகிறது.

ஆகையால் முதல் பாடம் அளவு. முனைகளுக்கு 1, 2, 3 என்று இலக்கம் உண்டு. பிளக், சிறு வானொலி போன்றவற்றின் சின்ன ஆணிக்கு 1. கதவுப் பிணைச்சல், இயந்திர மூடி போன்ற பெரும்பாலான வேலைக்கு 2. தடித்த ஆணிக்கு 3. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2ஆம் இலக்கத்தை வாங்குங்க. முனையை ஆணியில் வைத்து ஆட்டிப் பாருங்க. லொடலொடவென்று ஆடினால் அது அந்த ஆணிக்குரியது இல்லை.

இன்னொன்று. ஜப்பான் மோட்டார் சைக்கிள், பம்ப் இவற்றின் ஆணிகள் பிலிப்ஸ் மாதிரித் தெரிந்தாலும் கொஞ்சம் வேறுபட்டவை. பல ஆணிகளின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதற்கு ஜப்பான் அளவுத் திருப்புளி பாவித்தால் நன்றாகப் பிடிக்கும்.

இரண்டாவது, பிடிக்கும் விதம். பள்ளத்திலுள்ள அழுக்கை ஊசியால் சுரண்டி எடுங்க. திருப்புளியை நேராக நிறுத்தி, திருகும் பலத்தைவிட அமுக்கும் பலம் கூடுதலாக இருக்கட்டும். வலப்பக்கம் இறுகும், இடப்பக்கம் கழலும். பொருளை உள்ளங்கையில் வைத்துத் திருகாதீங்க; மேசையில் வையுங்க.

கடற்காற்றில் அங்கே ஆணி துருப்பிடிப்பது போல, நம்ம மழையிலும் பனியிலும் இங்கேயும் பிடிக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்க. காலையில் திருப்புளியை வைத்து மெதுவாகச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருகுங்க. தலை சற்று மழுங்கியிருந்தால் நடுவில் ஒரு ரப்பர் துண்டை வைத்து அமுக்கலாம். பூட்டும்போது அலுமினிய மூடிகளை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மரை போய்விடும். எதிரெதிர் ஆணிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க.

கடைசியாக மின்சாரம். 230 வோல்ட் யாருக்கும் இரங்காது. பிளக்கையோ பல்ப் ஹோல்டரையோ தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்க. பிளாஸ்டிக் பிடிதானே என்று நம்ப வேண்டாம். சுவருக்குள் போகும் வயர் வேலையை மின் வேலை தெரிந்தவரிடமே விடுங்க.

வேலை முடிந்ததும் துடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்க. அதால் தகரம் குத்தாதீங்க, மூடி நெம்பாதீங்க. முனை தேய்ந்துவிட்டால் தூக்கிப் போடுங்க. தேய்ந்த முனை நல்ல ஆணியையும் கெடுக்கும்.

ஒரு திருப்புளி பெரிய செலவில்லை. ஆனால் அந்த வீட்டில் அது இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தியது. அதை நாங்களும் நீங்களும் மறக்காமல் இருப்போம்.