சமூக வலைத்தளங்களும் நம் வீட்டுக் குழந்தைகளும்

(சங்கத்தின் டில்லி உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தத் தலைப்பில் பேசும்படி காரியதரிசி கேட்டபோது, "என்னைவிட என் பேத்தி நன்றாகப் பேசுவாளே" என்றேன். "அவள் பேசினால் பெரியவர்கள் கேட்கமாட்டார்கள். நீங்கள் பேசினால் சின்னவர்கள் கேட்கமாட்டார்கள். இருந்தாலும் யாராவது ஆரம்பிக்க வேண்டுமே" என்றார். ஆகவே ஆரம்பிக்கிறேன்.

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து 1970களின் தொடக்கத்தில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தவன். அப்போது ஆபீஸில் கணக்குப் போட ஃபாஸிட் மெஷின். ஊரில் இருக்கும் அம்மாவுடன் பேச டிரங்க் கால். 1980களின் பிற்பகுதியில் எங்கள் இலாகாவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏ.ஸி. ரூம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழையலாம் என்று உத்தரவு. ஏறக்குறைய கர்ப்பக்கிருஹத்துக்கு உள்ள மரியாதை! இன்று அதைவிடப் பன்மடங்கு சக்தி வாய்ந்த யந்திரம் பேரனின் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.

வருஷங்களைச் சற்று வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் சேவையைத் தொடங்கியது. 2004-இல் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும் பிறந்தன. நம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்த ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. 2009-இல் வாட்ஸ்அப் வந்தது. அதே வருஷம் ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தானும் வந்தது. 2010-இல் இன்ஸ்டாகிராம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை மளமளவென்று சரிந்தது. 2020-இல் கொரோனாவினால் பள்ளிக்கூடமே செல்போனுக்குள் வந்துவிட்டது. ஆக, 2009-க்குப் பின் பிறந்த குழந்தை ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இல்லாத உலகத்தைப் பார்த்ததே இல்லை. "எங்கள் காலத்தில்" என்று நாம் ஆரம்பித்தால் அதன் காதில் ஏறாததற்கு இதுதான் காரணம்.

இதனால் நன்மை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. மாதுங்காவில் இருக்கும் பெண் சென்னையில் இருக்கும் வாத்தியாரிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். கரோல்பாகில் வளர்ந்த பையன் தமிழ் எழுத்தை இண்டர்நெட்டைப் பார்த்தே படித்துவிட்டான். ஊரடங்குக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் கல்யாணத்தையும் காரியத்தையும் திரையிலாவது பார்த்து ஆறுதல் அடைந்தன. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். அதனால் 'எல்லாம் கலிகாலம்' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வலைத்தளங்களில் நாம் காசு கொடுப்பதில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா கம்பெனிக்கு வருமானத்தில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்தில்தான் வருகிறது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ, அவ்வளவு விளம்பரம். ஆகவே பார்ப்பவரை எழுந்திருக்க விடாமல் வைத்திருப்பதுதான் அவர்கள் தொழில்.

அதற்கு அவர்கள் கையாளும் வழி புதிதல்ல. ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், புறாக்களையும் எலிகளையும் வைத்துச் சோதனை செய்தார். பொத்தானைக் கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தீனி விழுந்தால், புறா பசித்தபோது மட்டும் கொத்தும். எப்போது விழும் என்று தெரியாதபடி செய்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட யந்திரத்தின் சூட்சுமமும் இதுவே. ரீல்ஸை விரலால் தள்ளும்போது அடுத்தது நன்றாக இருக்குமா, சுமாராக இருக்குமா என்று தெரியாது. அதனால்தான் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போகிறது. புஸ்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, ரேடியோ நாடகத்துக்கு முடிவு உண்டு, இதற்குக் கிடையாது. படித்த இன்ஜினியர்கள் பலர் கூடி யோசித்துச் செய்த பொருளுக்கு எதிரே பதினைந்து வயதுப் பையனை நிறுத்திவிட்டு, "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று திட்டுவது நியாயமா? அறுபது வயதுக்காரர்களே ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் 'குட் நைட்' படத்தை நாற்பது பேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோமே!

இதில் முதலில் பறிபோவது தூக்கம். நம் கண்ணுக்குள் பார்ப்பதற்கென்று உள்ள செல்களைத் தவிர, பகலா இரவா என்று மூளைக்குத் தெரிவிக்கும் செல்களும் இருக்கின்றன. நீல நிற வெளிச்சம் அவற்றை அதிகமாகத் தூண்டும். அதனால் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. வளரும் பருவத்தில் இயற்கையாகவே தூக்கம் தாமதமாக வரும். அதன்மேல் இதுவும் சேர்ந்துகொள்கிறது. வெளிச்சத்தைவிட மோசமானது, "அவள் என்ன பதில் போட்டாள், எத்தனை பேர் லைக் போட்டார்கள்" என்ற பரபரப்பு. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கணக்கு. இரண்டு மணிக்குப் படுத்து ஆறரைக்கு ஸ்கூல் பஸ் பிடிக்கும் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் ஏறவில்லை என்று டியூஷன் மாற்றுவதில் என்ன பயன்?

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரும் பெயரும் வேண்டாம். பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண். அவள் போட்டோவை யாரோ எடுத்து, அவள் பெயரிலேயே பொய்க் கணக்கு ஒன்றைத் தொடங்கி, கண்டபடி எழுதிவிட்டார்கள். அந்தக் குழந்தை மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை, பள்ளிக்கூடம் போக மறுத்தாள். கடைசியில் அத்தையிடம் அழுதுகொண்டே சொன்னாள். "முதலிலேயே ஏண்டி சொல்லலை?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "சொன்னா அப்பா போனைப் பிடுங்கிடுவா. நீதான் ஏதோ பண்ணியிருப்பேன்னும் சொல்லுவா." அப்பா மிகவும் நல்லவர், மகளிடம் உயிரையே வைத்திருப்பவர். ஆனாலும் அவருக்குப் பயந்து அந்தப் பெண் மூன்று வாரம் அந்த அவமானத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். பிறகு அவர்கள் புகார் கொடுத்தார்கள். பொய்க் கணக்கு நீக்கப்பட்டது.

இதைக் கேட்டதிலிருந்து என் மனதில் உறுதியான கருத்து இதுதான்: செல்போனால் வரும் ஆபத்தைவிட, அதைப் பெரியவர்களிடம் சொல்லப் பயப்படுவதால் வரும் ஆபத்து பெரிது. "எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்லு, திட்டமாட்டேன், போனைப் பிடுங்கமாட்டேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். அப்பாவிடம் சொல்லத் தயங்கும் குழந்தைக்குத் தாத்தா பாட்டியோ அத்தை மாமாவோ யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில சொல்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாப் போனும் ஹாலில் ஒரே இடத்தில் இருக்கட்டும். எல்லாப் போனும் என்றால் தாத்தா போனும் சேர்த்துத்தான். "அலாரம் வைக்கணும்" என்ற சாக்குக்கு இடமில்லாமல் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். சாப்பிடும் நேரத்தில் யார் கையிலும் போன் வேண்டாம். குழந்தைகள் போட்டோவையும், பள்ளிக்கூடத்தின் பெயரையும், மார்க் ஷீட்டையும் நாமே பெருமையாக எல்லாக் குழுவிலும் பரப்ப வேண்டாம். போட்டோ போடுமுன் குழந்தையிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். ஏதாவது விபரீதம் நேர்ந்தால், அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். போனை விடவே முடியவில்லை என்ற நிலை வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014-இல் தனி கிளினிக் ஆரம்பித்தார்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கிறது.

சட்டமும் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. 2023-இல் நம் பார்லிமெண்ட் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முக்கியமான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சர்க்காரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சர்க்குலர் போட்டு மட்டும் எந்தக் காரியமும் நடந்துவிடாது. வீட்டில் நடந்தால்தான் உண்டு.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்கு இந்த யந்திரத்தைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். எந்தச் செய்தி பொய், எந்த லிங்க்கைத் தொடக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். தினம் கால் மணி நேரம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், பாட்டிக்குப் பணம் தப்பும். உங்களுக்கோ, கஷ்டம் வந்தால் போய்ச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பாள்.