சபை என்றால் யார் யார்?

மார்கழியில் சென்னைக்காரர் ‘சபா’ என்றால் கச்சேரி நடக்கும் இடம். 1900இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கு மூத்த சான்று. கிறிஸ்தவருக்குத் திருச்சபை, நெல்லையில் நடராசர் ஆடுவது தாமிரசபை.

ஆனால் சோழர் கல்வெட்டுகளில் இந்தச் சொல்லுக்கு வரம்பு உண்டு. வேளாளர் ஊரில் கூடியது ‘ஊர்’, வணிகர் கூடியது ‘நகரம்’. பிராமணருக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரில் கூடியதுதான் ‘சபை’.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுத்த முறையைச் சொல்கிறது. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். போட்டியிட வயது 35 முதல் 70 வரை, கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு எல்லாம் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை! எவ்வளவு துணிச்சலான விதி! ஆனாலும் பெண்களும் நிலமற்றவர்களும் அந்தக் குடத்துக்கு வெளியேதான் நின்றார்கள்.

இன்றைய கிராம சபையில் அந்த வேலி இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் அது கூடும்போது, ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு.